கிழக்கேகோட்டையும் காயம் ஆற்றிய கைகளும்

தோல் கிழிந்த நொடியிலேயே உடம்பு தன்னைச் சீர்செய்துகொள்ளத் தொடங்கிவிடுகிறது. முதலில் ரத்தக்குழாய் சுருங்குகிறது. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி ரத்தம் உறைகிறது. அடுத்த சில நாட்கள் வெள்ளணுக்களின் வேலை. உள்ளே புகுந்த கிருமியையும் செத்த திசுவையும் அவை தின்று அகற்றுகின்றன. காயத்தைச் சுற்றிச் சிவப்பும் வீக்கமும் வலியும் காண்பது அதனால்தான். பிறகு அடியிலிருந்து செக்கச்செவேலென்று புதுச்சதை எழும்புகிறது. நுண்ணிய ரத்தக்குழாய்கள் அதற்குள் கிளைவிடுகின்றன. ஓரங்களிலிருந்து மேல்தோல் நகர்ந்து வந்து மூடுகிறது. கடைசியாக மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும், கொலாஜன் என்னும் புரத இழைகள் கலைந்தும் மீண்டும் அடுக்கப்பட்டும் தழும்பு உறுதிப்படுகிறது. மூன்று வாரம் ஆன காயத்தின் வலிமை, பழைய தோலின் வலிமையில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. எத்தனை நாள் போனாலும் அது ஏறத்தாழ 80 சதவீதத்தோடு நின்றுவிடும்.

இந்த வேலையை உடம்புக்குப் பதிலாகச் செய்யும் மருந்து இதுவரை பிறக்கவில்லை. ஆறுவதைத் தடுப்பவற்றை விலக்குவதே வைத்தியத்தால் ஆகக்கூடியது. அழுக்கு, கிருமி, செத்த சதை, குறைந்த ரத்த ஓட்டம், வறட்சி, ஓயாத அழுத்தம், சத்துக்குறைவு, நீரிழிவு, புகைப்பழக்கம் என்று அந்தத் தடைகள் பல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு கூட்டத்தாரின் கண்ணில் பட்டது. திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டையையும் அதைச் சுற்றிய சில கிலோமீட்டர் வட்டாரத்தையும் எடுத்துக்கொண்டால், அந்த வரலாற்றின் பெரும்பகுதியை ஓர் ஊருக்குள்ளேயே காணலாம். களரி ஆசான், பச்சிலை விற்ற அங்காடி, மகாராஜா திறந்த ஆஸ்பத்திரி, ஆயுர்வேதப் பாடசாலை, பன்றியின் பித்தப்பையிலிருந்து காயத்துக்குப் போர்வை செய்த ஆய்வகம் எல்லாமே இங்கு உண்டு.

பத்மநாபசுவாமி கோவிலைச் சூழ்ந்த கோட்டையை மார்த்தாண்ட வர்மா 1747இல் கட்டினார். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1741இல், குளச்சல் கரையில் டச்சுக்காரர்களை அவர் தோற்கடித்திருந்தார். அங்கே பிடிபட்ட, டச்சுப் படையைச் சேர்ந்த டி லனாய் திருவிதாங்கூர்ப் படையைத் துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் பழக்கினார். அந்தப் படையின் நினைவு கிழக்கேகோட்டையில் இன்றும் கண்ணெதிரே இருக்கிறது. கோட்டை வாசலுக்கு எதிர்ப்புறமுள்ள பழவங்ஙாடி கணபதி கோவில், பத்மநாபபுரத்திலிருந்து தலைநகரம் இங்கே மாறியபோது படைவீரர்கள் கொண்டுவந்து வைத்த பிள்ளையாருடையது என்பது வழக்கு. இப்போதும் அதை நடத்துவது இந்திய ராணுவமே.

படை இருந்த இடத்தில் காயம் இருந்தது. காயம் இருந்த இடத்தில் ஆசான் இருந்தார். களரி என்னும் போர்ப்பயிற்சிக் கூடத்தில் வாளும் கேடயமும் உறுமி என்னும் சுருள்வாளும் ஒட்டா என்னும் வளைந்த மரக்கோலும் கற்றுக்கொடுத்தவரே, அவற்றால் பட்ட வெட்டுக்கும் சதைக்காயத்துக்கும் எலும்பு முறிவுக்கும் வைத்தியம் பார்த்தார். அடிக்கத் தெரிந்தவன் ஆற்றவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது களரியில் எழுதப்படாத சட்டம். மாணவனுக்கு அடிபட்டால் வெளியே கொண்டுபோய் வைத்தியம் பார்ப்பது குருவுக்கு இழுக்கு.

திருவனந்தபுரத்துக் களரி மருத்துவம் இரண்டு ஊற்றுகளிலிருந்து வந்தது. வடக்கேயிருந்து வந்தது கேரள ஆயுர்வேதம். அதற்கு அடிப்படை பண்டைய மருத்துவ நூலாசிரியர்களான சுசுருதரும் வாக்பட்டரும். தெற்கேயிருந்து, நெய்யாற்றின்கரை, விளவங்கோடு, கல்குளம் பக்கத்திலிருந்து, வந்தது தமிழ் ஏடுகளில் எழுதப்பட்ட வர்ம வைத்தியம். சுசுருதர் சொன்ன மர்மங்கள், அதாவது அடிபட்டால் ஆபத்தான உடற்புள்ளிகள், 107. தமிழ் ஆசான்கள் சொல்லும் வர்மங்கள் 108; அவற்றில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. இரண்டு கணக்கும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. பொருத்திக்காட்ட முயன்றவர்கள் பலர். அந்த முயற்சிகளில் இழுத்துக் கட்டியதே அதிகம் தெரிகிறது. ஒரே உடம்பைத் தனித்தனியாகப் பார்த்துத் தனித்தனியாகக் குறித்துவைத்த இரண்டு மரபுகள் என்று அவற்றை ஏற்பதே நேர்மை.

சுசுருதரின் மர்மங்களில் மூன்று மட்டும் தனி வகை. அங்கே அம்போ முள்ளோ தைத்திருந்தால், அது உள்ளே இருக்கும்வரை ஆள் பிழைத்திருப்பார். பிடுங்கினால் உயிர் போகும். குத்திய கத்தியை விபத்து நடந்த இடத்தில் உருவாதே, அப்படியே அசையாமல் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவா என்பது இன்று முதலுதவி வகுப்பில் சொல்லித்தரும் பாடம். ரத்தக்குழாயைக் குத்திய பொருளே அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கலாம் என்பது அதற்குக் காரணம். போர்க்களத்தில் பலரை இழந்துதான் யாரோ இதை முதலில் கவனித்திருக்க வேண்டும்.

காயத்துக்கென்று சுசுருதர் வகுத்த சிகிச்சை முறைகள் 60. கழுவுதல், கீறிச் சீழ் எடுத்தல், தைத்தல், கட்டுதல், புதுச்சதை எழுப்புதல், மிகுந்து வளர்ந்த சதையைக் குறைத்தல் என்று தொடங்கும் அந்த வரிசை, தழும்பின் நிறத்தைச் சரிசெய்வதும் அதில் முடி முளைக்கச் செய்வதும் வரை போகிறது. கட்டுகளில் மட்டும் 14 வகை. விரலுக்கு ஒன்று, மூட்டுக்கு ஒன்று, தாடைக்கு ஒன்று என்று உறுப்புக்கேற்ப அவை மாறும். காயம்பட்டவர் படுத்திருக்கும் அறை துப்புரவாக இருக்க வேண்டும்; வெண்கடுகு, வேப்பிலை, நெய், உப்பு சேர்த்துப் பத்து நாளைக்கு நாளொன்றுக்கு இரண்டு வேளை புகைபோட வேண்டும்; பகலில் தூங்கவிடக் கூடாது; உளுந்தும் எள்ளும் புதுத் தானியமும் கொடுக்கக் கூடாது. கிருமி என்பதை நுண்ணோக்கியில் யாரும் பார்க்காத காலம் அது. ஆனாலும் அறையின் சுத்தமும் நோயாளியின் சாப்பாடும் காயத்தின் போக்கைத் தீர்மானிக்கும் என்பது தெளிவாகப் புரிந்திருந்தது. உணவு விலக்குகளில் எல்லாவற்றுக்கும் இன்றைய அறிவியலில் ஆதாரம் இல்லை. அறைச் சுத்தத்துக்கு உண்டு.

அட்டை விடுவதும் அந்த மரபில் வந்ததே. விஷமுள்ள அட்டை ஆறு, விஷமில்லாதது ஆறு என்று பிரித்து, விஷமில்லாததைக் கெட்ட ரத்தம் தேங்கிய இடத்தில் விட்டார்கள். அட்டையின் உமிழ்நீரில் ரத்தத்தை உறையவிடாத ஹிருடின் இருக்கிறது. துண்டான விரலை ஒட்டவைக்கும் இன்றைய அறுவையில், உள்ளே வந்த ரத்தம் வெளியேற வழியின்றித் தேங்கினால் அட்டையைத்தான் விடுகிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004இல் அட்டைக்கு மருத்துவச் சாதனம் என்றே அனுமதி கொடுத்தது.

1809இல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி தோற்றபின், ஆங்கிலேயர் திருவிதாங்கூர்ப் படையைப் பெருமளவு கலைத்தனர். வாளுக்கு வேலை இல்லாமல் போனதும் களரிகள் மங்கின. ஆனால் களரியோடு ஒட்டிய வைத்தியம் மங்கவில்லை. மரமேறி விழுந்தவர், மாடு முட்டியவர், அரிவாள் தவறிக் காலை வெட்டிக்கொண்டவர் எல்லோரும் ஆசானைத் தேடி வந்துகொண்டேயிருந்தார்கள். போர் ஓய்ந்தபின்னும் அந்த அறிவு பிழைத்துக்கிடந்தது இந்த எளிய மனிதர்களின் காயங்களால்தான்.

அந்த வைத்தியத்தின் நடுநாயகம் முறிவெண்ணெய். கிழக்கேகோட்டையை ஒட்டி ஓடும் சாலை பஜாரின் மருந்துக் கடைகளுக்கும் அதற்கும் நெருங்கிய உறவு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கிய சந்தை அது. தமிழ் வணிகர்கள் நிறைந்த தெரு. வைத்தியர் குறிப்பு எழுதிக்கொடுத்தால் அதில் இரண்டு வகை மருந்து இருக்கும். உலர்ந்த வேரும் பட்டையும் கொட்டையும் அங்காடி மருந்து; அவை சாலையில் கிடைக்கும். இலையும் தண்டும் பச்சை மருந்து. அவற்றை வேலியோரத்தில் பறித்து அன்றைக்கே இடிக்க வேண்டும்.

முறிவெண்ணெயில் பச்சை மருந்துதான் மிகுதி. புங்கன், வெற்றிலை, கற்றாழை, முருங்கை, கல்யாண முருங்கை, சின்ன வெங்காயம், தண்ணீர்விட்டான் கிழங்கு, அரிசி கழுவிய நீர், தேங்காய் எண்ணெய் ஆகியவை சேர்ந்தது அது. தென்கேரளத்து வீட்டுத் தோட்டத்தில் கிடைக்காதது இதில் ஏறக்குறைய எதுவுமில்லை. ஏழைக்கும் எட்டும் மருந்தாக அது நிலைத்ததற்கு இதுவே காரணம். இலைகளை இடித்துச் சாறு பிழிந்து, அரைத்த விழுதையும் சேர்த்து, உருளியில் எண்ணெயோடு இளந்தீயில் ஏற்றுவார்கள். தண்ணீர் வற்ற வற்ற விழுது அடியில் பிடிக்கும். சட்டுவத்தால் அடி தொட்டுக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பதம் பார்ப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. சட்டுவத்தில் ஒட்டிய விழுதை எடுத்துப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டினால் முதலில் சேறாகப் பிசுபிசுக்கும். இன்னும் கொஞ்சம் காய்ந்தால் மெழுகுபோலத் திரண்டு திரியாக நீளும். அந்தத் திரியைத் தீயில் காட்டினால் சடசடவென்று ஓசை எழக் கூடாது. ஓசை வந்தால் உள்ளே தண்ணீர் மிச்சமிருக்கிறது, எண்ணெய் சிக்கிப்போகும் என்று பொருள். எண்ணெயில் நுரை பொங்குவதும் பதம் வந்ததற்கு அடையாளம். அதையும் தாண்டி விட்டால் விழுது மணலாக உதிரும், மருந்து கருகிவிடும். சரியாக இறக்கிய முறிவெண்ணெய் பச்சை நிறத்தில் இருக்கும். அதில் துணியை நனைத்துக் காயத்தின்மேலும் சுளுக்கின்மேலும் இட்டுக் கட்டுவார்கள்.

இன்றைய மாநில எல்லைக்குத் தெற்கே சித்த மருத்துவர்கள் பயன்படுத்திய மத்தன் தைலமும் இதே குடும்பம். ஊமத்தை இலைச் சாற்றோடு தேங்காய் எண்ணெயும் மயில்துத்தமும் சேர்ந்தது அது. ஆறாத புண்ணுக்கும் நீரிழிவுப் புண்ணுக்கும் சித்த மருத்துவமனைகளில் அதை இன்றும் இடுகிறார்கள். மயில்துத்தம் செம்பு உப்பு, கிருமியைக் கொல்லும். அளவு மிஞ்சினால் உடம்பையும் வாட்டும்.

எண்ணெய்த்துணிக் கட்டு ஏன் பலன் தந்தது என்பதற்கு விளக்கம் வந்தது 1962இல்தான். பிரிட்டனைச் சேர்ந்த ஜார்ஜ் விண்டர், பன்றிகளின் தோலில் ஆழமில்லாத காயங்களை உண்டாக்கிச் சிலவற்றைக் காற்றில் உலரவிட்டார். சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடினார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் பரவியது. உலர்ந்த காயத்தில் பொருக்கு தட்டுகிறது. புதுத்தோல் செல்கள் அதற்கு அடியில் ஈரமான பாதையைத் தேடிக் குடைந்து போகவேண்டியிருக்கிறது. ஈரம் காத்தால் அவை மேலாகவே வழுக்கிச் செல்கின்றன. பொருக்கு தட்டினால் நல்லது, காற்றாட விடு என்று காலம் காலமாகச் சொல்லிவந்தது பிழையாகிவிட்டது. ஈரத்தைக் காப்பது எண்ணெய்த்துணிக்கும் கைவந்த வேலை. கட்டைப் பிரிக்கும்போது துணி புதுச்சதையோடு ஒட்டிப் பிய்த்துக்கொண்டு வராமல் இருப்பது இன்னொரு நன்மை.

ஆனால் எண்ணெய்க் கட்டுக்கு ஓர் எல்லை உண்டு. அதை மறைப்பது நோயாளிக்குச் செய்யும் துரோகம். ஆழமாகக் குத்திய காயத்தில் மண்ணும் துருவும் உள்ளே தங்கிவிட, மேலே எண்ணெயிட்டு இறுக மூடினால், காற்றில்லாத இடத்தில் மட்டுமே செழிக்கும் இரணஜன்னிக் கிருமிக்கு அது வசதியாகிவிடும். பிறந்த குழந்தையின் தொப்புளில் சாணமும் சாம்பலும் வைத்த வழக்கத்தால் இந்திய மண்ணில் மடிந்த சிசுக்கள் ஏராளம். இரணஜன்னிக்கு எதிர்நச்சு மருந்தை பேரிங்கும் கிடாசாட்டோவும் 1890இல் கண்டனர். தடுப்பூசி 1920களில் வந்தது. கர்ப்பிணிகளுக்கு ஊசி போடுவது பழக்கமாகி, பிரசவம் ஆஸ்பத்திரிக்கு மாறியபின், தாய் சேய் இரணஜன்னியை ஒழித்த நாடாக இந்தியா 2015இல் உறுதிசெய்யப்பட்டது. எந்தப் பச்சிலையும் செய்ய முடியாத வேலை இது.

கிழக்கேகோட்டைக்கு வடக்கே, ஆயில்யம் திருநாள் மகாராஜா காலத்தில், 1865இல் பொது மருத்துவமனை திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், கிளாஸ்கோ நகரில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு வெளியே துருத்திய 11 வயதுச் சிறுவனின் காயத்தில் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் தோய்த்த துணியைக் கட்டினார். அந்நாளில் அப்படிப்பட்ட காயம் என்றால் காலை வெட்டுவதுதான் வழக்கம். வெட்டியபின்னும் சீழ்வைத்துச் சாவது வழக்கம். சிறுவனின் கால் சீழ்வைக்காமல் கூடியது. 1867இல் லிஸ்டர் தன் முறையை வெளியிட்டார். ஆக, திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி தொடங்கியபோது மேலை மருத்துவத்திலும் கைகழுவாமல் காயம் தொடுவதே நடைமுறை. அந்தக் காலத்து ஆங்கில வைத்தியம் நாட்டு வைத்தியத்தைவிடக் காயத்தில் மேலானது என்று நம்புவதற்கு இடமில்லை. வேறுபாடு அதற்குப் பின் வந்த முப்பது நாற்பது ஆண்டுகளில்தான் விழுந்தது. கிருமிக் கொள்கை, கொதிநீரில் இட்ட கருவி, மயக்க மருந்து எல்லாம் சேர்ந்தபோது அறுவை அறையின் முகமே மாறியது.

கார்பாலிக்குக்கும் எல்லை இருந்தது. முதல் உலகப்போரில் வேலைசெய்த அலெக்சாண்டர் பிளெமிங், காயத்தில் ஊற்றிய கிருமிநாசினி ஆழத்திலுள்ள கிருமியைத் தொடாமல், அதை எதிர்க்கவந்த வெள்ளணுக்களைக் கொல்வதைக் காட்டினார். வீட்டில் இன்றும் திறந்த காயத்தில் ஸ்பிரிட்டையோ டிங்சரையோ ஊற்றிப் பல்லைக் கடித்துக்கொள்வது உண்டு. எரிந்தால்தான் மருந்து வேலைசெய்கிறது என்ற எண்ணம் எவ்வளவு பழையதோ அவ்வளவு தவறானது. ஓடும் சுத்தமான நீரில் நன்றாகக் கழுவுவதே பெரும்பாலான காயங்களுக்குப் போதும்.

திருவிதாங்கூரின் சாதாரண மக்களுக்கு ஆங்கில அறுவை வைத்தியம் எட்டியதில் அரண்மனை ஆஸ்பத்திரிகளைப்போல நெய்யூருக்கும் பங்கு உண்டு. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊரில், லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838இல் வைத்தியத்தைத் தொடங்கினார். 1860களில் ஜான் லோ உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் பழக்கினார். சாதியால் தெருவுக்குள் நுழைய முடியாதவர்களும் மற்றவர்களும் ஆஸ்பத்திரிக் கட்டில்களில் பக்கத்தில் பக்கத்தில் படுத்தார்கள். காயத்தைத் தொட மறுக்காத கை என்பதே அன்றைக்குப் பலருக்கு முதல் மருந்து.

1923இல் நெய்யூருக்கு வந்தவர் தியடோர் ஹோவர்ட் சாமர்வெல். முதல் உலகப்போரில் சோம் களத்தில் காயம்பட்டோருக்கு அறுவை செய்தவர். 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் ஏறப்போனவர். நெய்யூரில் அவரை எதிர்கொண்டது குடற்புண்; அதில் அவர் செய்த அறுவைகள் பெயர்பெற்றவை. அவர் கத்தி எடுத்த உடம்புகள் பல சத்து குறைந்தவை. விசாகம் திருநாள் காலத்தில், 1880களில், பஞ்சத்துக்கு ஈடாகப் பரப்பப்பட்ட மரவள்ளிக்கிழங்கு தென்திருவிதாங்கூர் ஏழைகளின் அன்றாடச் சோறாகிவிட்டிருந்தது. 1942இல் பர்மா வீழ்ந்து அரிசி வரத்து நின்றபின் அதன்மீதான சார்பு இன்னும் கூடியது. மரவள்ளி வயிற்றை நிறைக்கும். அதில் புரதம் மிகக் குறைவு. மீனோடு சாப்பிட்டவருக்கு ஈடாகிவிடும். மீன் வாங்க முடியாதவருக்கு அந்தக் குறை நேரே காயத்தில் தெரியும்; புதுச்சதை கட்டப் பொருள் இல்லாமல் போகும்.

சத்துக்கும் தழும்புக்கும் உள்ள உறவுக்கு இதைவிட அழுத்தமான சாட்சி கடலில் கிடைத்தது. 1740இல் ஆன்சன் தலைமையில் கிளம்பிய பிரிட்டிஷ் கப்பல்களில் ஸ்கர்வி பரவியபோது, 1690இல் பாய்ன் போரில் காயம்பட்டு ஆறி, ஐம்பது ஆண்டாக நன்றாக இருந்த ஒரு கிழவரின் பழைய காயங்கள் மறுபடி வாய் பிளந்தன. வைட்டமின் சி இல்லாமல் கொலாஜன் உறுதிப்படாது. தழும்பில் பழைய கொலாஜன் கரைந்து புதியது சேர்வது வாழ்நாள் முழுதும் நடக்கிறது. புதியது வராமல் போனால் ஐம்பது ஆண்டுத் தழும்பும் அவிழும். எலுமிச்சையும் ஆரஞ்சும் ஸ்கர்வியைத் தீர்க்கும் என்று ஜேம்ஸ் லிண்ட் சோதித்துக் கண்டது 1747இல், இங்கே கோட்டைச் சுவர் எழுந்த அதே ஆண்டில். நெல்லிக்காயும் முருங்கைக்கீரையும் விளையும் மண்ணில் இந்தக் குறை வர நியாயமில்லை. வறுமையும் அறியாமையும் வரவழைத்தன.

நாட்டு வைத்தியத்துக்கு அரசு இடம் கொடுத்தது ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில். 1889இல் தொடங்கிய ஆயுர்வேதப் பாடசாலை பின்னாளில் அரசு ஆயுர்வேதக் கல்லூரியாக வளர்ந்தது. கிழக்கேகோட்டையிலிருந்து எம்.ஜி. ரோட்டில் வடக்கே நடந்தால் சிறிது தூரத்திலேயே அது வரும். குருவின் வீட்டுத் திண்ணையில் வாயால் சொல்லித்தந்த படிப்பு வகுப்பறைக்கும் நோயாளிப் படுக்கைக்கும் வந்தது. புண்ணும் மூலமும் பவுத்திரமும் அங்கே சல்லிய தந்திரம் என்ற தனி அறுவைத்துறையின் பொறுப்பாயின. வர்ம ஆசான்களின் தமிழ் ஏட்டு மரபுக்கு அந்த ஆதரவு அவ்வளவாகக் கிடைக்கவில்லை. அது வீடுகளிலும், பிறகு முஞ்சிறையிலுள்ள திருவிதாங்கூர் சித்த வைத்திய சங்கத்தின் கல்லூரி போன்ற இடங்களிலும் தங்கியது. இது ஓர் இழப்பு. ஏடு மட்டும் கைக்கு வந்து, அதைக் கையால் செய்துகாட்டும் ஆசான் இல்லாமல் போனால், வர்மக் குறிப்பில் பாதி வாசிக்கத்தான் முடியும்.

1956இல் கிழக்கேகோட்டையில் சி.வி.என். களரி எழுந்தது. மங்கிக்கிடந்த களரியை இருபதாம் நூற்றாண்டில் மீட்டவர்களில் முதன்மையானவர் வடமலபாரின் சி.வி. நாராயணன் நாயர். அவருடைய பெயரில், அவர் மரபில் வந்த சி.வி. கோவிந்தன்குட்டி நாயர் குருக்கள் இதை நிறுவினார். களரிக்கு வகுத்த அளவு 42 அடி நீளம், 21 அடி அகலம். தரைமட்டத்துக்குக் கீழே குழியாகத் தோண்டியிருப்பார்கள். தென்மேற்கு மூலையில் ஏழு படி வைத்த பூத்தறை என்னும் வழிபாட்டு மேடை. காலையில் பயிற்சி முடிந்தபின் சிகிச்சை. உளுக்கு, எலும்பு முறிவு, மூட்டு நழுவல், பழைய அடியால் வந்த வலி என்று வருகிறவர்களுக்கு எண்ணெயும் கட்டும் உழிச்சலும். 1976 முதல் இங்கே கற்ற அமெரிக்க நாடக அறிஞர் பிலிப் சாரில்லி, களரியைப் பற்றிய தம் ஆய்வில் இந்த வைத்தியத்தையும் விரிவாகப் பதிந்தார். அந்தப் பதிவுகளைப் படித்தால் ஒன்று தெரிகிறது: அடிபட்ட உறுப்பை எத்தனை நாள் அசைக்காமல் வைப்பது, எப்போது மெல்ல அசைக்கத் தொடங்குவது என்ற கணக்கில்தான் குருக்களின் அனுபவம் முழுதும் அடங்கியிருந்தது. ஓய்வு குறைந்தால் புதுச்சதை கிழியும். கூடினால் மூட்டு இறுகும்.

அதே 1956 நவம்பரில் மொழிவழி எல்லை பிரிந்து, கல்குளமும் விளவங்கோடும் இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தன. ஒரே வைத்திய நிலம் இரண்டு மாநிலமானது. வைத்தியர்களும் நோயாளிகளும் எல்லையைத் தாண்டி வந்துபோவது நிற்கவில்லை.

ஆறாத புண்ணின் மற்றொரு முகம் தொழுநோய். திருவனந்தபுரத்து ஊளம்பாறையில் இருந்த தொழுநோய் மருத்துவமனை 1934இல் நூறநாட்டுக்கு மாறியது. தொழுநோயாளியின் சதையே கெட்டது, அதனால்தான் பாதப்புண் ஆறுவதில்லை என்று மருத்துவர்களும் நம்பிய காலம் அது. கொழும்பின் தமிழ் அறுவை மருத்துவர் மில்ராய் பால் 1930களில் அத்தகைய பாதங்களுக்கு மாவுக்கட்டுப் போட்டுப் புண் ஆறுவதைக் கண்டார். 1946இல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அதைப் பின்பற்றி, காரணத்தையும் நிறுவினார். சதையில் குறை இல்லை. நரம்பு செத்து வலி தெரியாததால் நோயாளி அதே புண்ணின்மேல் திரும்பத் திரும்ப மிதிக்கிறார். பாரத்தைப் பாதம் முழுக்கப் பரப்பினால் புண் தானே மூடுகிறது. வலிதான் காயத்துக்குக் காவல் என்ற இந்த அறிவு தென்னிந்தியாவும் இலங்கையும் உலகத்துக்குக் கொடுத்தது. பிராண்ட் அதை அமெரிக்காவுக்கு எடுத்துச்சென்றார். இன்று உலகெங்கும் நீரிழிவுப் பாதப்புண்ணுக்கு அந்த மாவுக்கட்டு முன்னிலைச் சிகிச்சைகளில் ஒன்று.

கேரளம் இந்தியாவில் நீரிழிவு மிகுந்த மாநிலங்களில் ஒன்று. காயம் ஆறுவதைத் தடுப்பவற்றில் பல நீரிழிவில் ஒன்றுசேர்கின்றன. நரம்பு மரக்கிறது; காலுக்குப் போகும் ரத்தக்குழாய் குறுகுகிறது; வெள்ளணுக்கள் மந்தமாகின்றன; கொலாஜனில் சர்க்கரை ஒட்டி அது விறைக்கிறது. அதோடு பீடியும் சேர்ந்தால் நிக்கோடின் மிச்ச ரத்த ஓட்டத்தையும் நெரிக்கும். கிழக்கேகோட்டையில் இதற்கு ஓர் உள்ளூர் ஆபத்தும் உண்டு. கோவிலுக்குப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் காய்ந்த கருங்கல்லில் நடக்கிறார்கள். உணர்ச்சியுள்ள பாதம் சுட்டதும் துள்ளி நிழலுக்கு ஓடும். மரத்த பாதம் நின்று கொப்புளிக்கும். வீட்டுக்கு வந்து கழுவும்போதுதான் தெரியும். தென்னாட்டு நீரிழிவு மருத்துவர்கள் எல்லோருக்கும் இது பழகிய காட்சி. வெயிலேறுமுன் போவதும், திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பதும் அவர்கள் விடாமல் சொல்வது.

மரபறிவுக்கு வழக்காடவேண்டி வந்ததும் காயத்தை முன்னிட்டே. காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களையும் 1953இல் ஓர் இந்திய மருத்துவ இதழில் வந்த கட்டுரையையும் முன்வைத்து எதிர்த்தது; 1997இல் காப்புரிமை ரத்தானது. அந்த அனுபவத்திலிருந்தே ஆயுர்வேதம், சித்தம், யுனானி நூல்களை உலகக் காப்புரிமை அலுவலகங்கள் படிக்கும்படி மின்னூலகமாக்கும் வேலை 2001இல் தொடங்கியது.

1951இல் திறந்த திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் முதல் அணி மாணவர்களில் ஒருவர் எம்.எஸ். வலியத்தான். அவரே பின்னாளில் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் இயக்குநரானார். அரச குடும்பம் 1973இல் கொடுத்த கட்டடத்தில் அந்தக் கழகம் தொடங்கியது. 1980இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. அதன் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு பூஜப்புரையில் ராணி சேது லட்சுமிபாயின் சாட்டல்மண்ட் அரண்மனையில் இயங்குகிறது. செயற்கை இதய வால்வு உருவாக்கிய வலியத்தானே 2007இல் சுசுருதரைப் பற்றியும் விரிவான நூல் எழுதினார். இரண்டையும் ஒரே மனிதர் செய்தது இந்த ஊரின் மருத்துவ வரலாற்றுக்குப் பொருத்தமானது.

அந்தப் பூஜப்புரை ஆய்வகத்தில் உருவானது கோலிடெர்ம். பன்றியின் பித்தப்பையிலிருந்து செல்களை முழுக்க நீக்கினால், கொலாஜன் முதலான புரதங்களாலான வலைபோன்ற சவ்வு மிஞ்சும். அதைக் காயத்தின்மேல் விரித்தால், நோயாளியின் சொந்தச் செல்கள் அதைப் பற்றிக்கொண்டு உள்ளே பரவும். எலி, முயல், நாய் ஆகியவற்றில் தீக்காயமும் நீரிழிவுக் காயமும் உட்படப் பலவகைப் புண்களில் சோதித்தபோது தழும்பு குறைவாக, விரைவாக ஆறின. 2023இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு, மிக உயர்ந்த இடர்ப் பிரிவைச் சேர்ந்த மருத்துவச் சாதனமாக, அனுமதி அளித்தது. வெளிநாட்டிலிருந்து வரும் இதையொத்த சவ்வுகளின் விலை சாதாரணக் குடும்பத்தால் தாங்க முடியாதது என்பதால், இந்த அனுமதி முக்கியமானது.

இப்படிப்பட்ட சவ்வைப் போர்த்துவதற்கு முன் முடிக்கவேண்டிய வேலைகள் மாறவில்லை. செத்த சதையை வெட்டிக் காயத்தைச் சுத்தமாக்க வேண்டும். சீழிருந்தால் அதன் கிருமியைப் பரிசோதித்து மருந்து கொடுக்க வேண்டும். காலில் நாடி துடிக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, இல்லையென்றால் ரத்தக்குழாய் அடைப்பை நீக்க வேண்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். புண்ணின்மேல் பாரம் விழாமல் செருப்பையோ மாவுக்கட்டையோ அமைக்க வேண்டும். சாப்பாட்டில் முட்டையோ மீனோ பருப்போ போதுமான அளவு சேர வேண்டும். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சவ்வும் சில நாளில் கழன்று விழும்.